எள்ளுருண்டை சாப்பிட்டதால்தான் என் கரு கலைந்ததா?

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 24 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்குத் திருமணமாகி இரண்டு வருடம் ஆகிறது. கணவர் சொந்த அத்தை மகன். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. சனிக்கிழமை இரவு வந்து திங்கட்கிழமை விடியற்காலையில் கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் வீட்டில் இவரும் அத்தையும் மட்டும்தான். ஐந்து மாதங்களுக்கு முன் முதல்முறையாகக் கர்ப்பமானார். ஒன்பதாவது வாரம் நடந்துகொண்டிருந்தபோது அரூர் பக்கத்திலிருந்து அம்மா பார்க்க வந்தார். தங்கள் கொல்லையில் விளைந்த எள்ளை வறுத்து, வெல்லம் சேர்த்து உரலில் இடித்து, உருண்டை பிடித்துக் கொண்டுவந்திருந்தார். ஆசையாக இரண்டு நாட்களில் நாலைந்து உருண்டை சாப்பிட்டிருக்கிறார் மகள். மூன்றாம் நாள் காலையில் உதிரம் பட்டது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, "ஏழு வார வளர்ச்சிதான் இருக்கிறது, இதயத் துடிப்பு இல்லை" என்று எழுதிக் கொடுத்து, சிகிச்சை செய்து அனுப்பிவிட்டார்கள். ஏன் இப்படி ஆனது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை.

"உங்கம்மா கொண்டாந்த எள்ளுதான் என் பேரப்பிள்ளைய கரைச்சிடுச்சு" என்று அத்தை அன்றைக்குச் சொன்னவர், இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்ட அம்மா அதற்குப் பிறகு மகள் வீட்டுப் பக்கமே வரவில்லை. இதற்கு நடுவில் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9 என்று வந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சத்து மாத்திரையைச் சாப்பிட்டால் வயிறு எரிகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பத்து நாளில் நிறுத்திவிட்டார். 'தினம் ஒரு கைப்பிடி கறுப்பு எள் சாப்பிட்டால் ஒரே மாதத்தில் இரத்தம் ஊறும்' என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, இப்போது அத்தைக்குத் தெரியாமல் எள் சாப்பிட்டு வருகிறார். மாதவிலக்கு ஒவ்வொரு முறையும் ஏழு நாள் வரை நீடிக்கிறது, கட்டியும் படுகிறது என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறார். அடுத்த குழந்தைக்குத் தயாராகலாமா, எள்ளைத் தொடலாமா கூடாதா, இரத்தம் ஊற எள் மட்டும் போதுமா என்று கேட்கிறார். கடைசி வரி இது: "நானே என் குழந்தையைக் கொன்னுட்டேனா டாக்டர்?"

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். இல்லை. நீங்களும் கொல்லவில்லை, உங்கள் அம்மாவும் கொல்லவில்லை. இதை உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்திலேயே அதற்கான ஆதாரம் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல யாரும் இல்லாமல் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

உங்கள் ஸ்கேன் சொல்வது

கடைசி மாதவிலக்குத் தேதியை எழுதியிருக்கிறீர்கள். முப்பது நாளுக்கு ஒருமுறை தவறாமல் வரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்குப்படி ஸ்கேன் எடுத்த அன்று கருவுக்கு ஒன்பது வாரத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். ஆனால் ஸ்கேனில் தெரிந்தது ஏழு வார வளர்ச்சி, துடிப்பும் இல்லை. அப்படியென்றால் கருவின் வளர்ச்சி ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்பே நின்றுவிட்டது. உங்கள் அம்மா பஸ் ஏறுவதற்கு முன்பு, அந்த எள்ளை வறுக்கச் சட்டி அடுப்பில் ஏறுவதற்கும் முன்பு நின்றுவிட்டது. வளர்ச்சி நின்ற கருவை உடல் உடனே வெளியேற்றுவதில்லை. பல பெண்களுக்கு ஒன்றிரண்டு வாரம் எந்த அறிகுறியும் இருக்காது. வாந்தியும் மசக்கையும்கூடத் தொடரலாம். பிறகு ஒருநாள் உதிரம் படும். உங்களுக்கு அந்த நாள், உருண்டை சாப்பிட்டதற்கு அடுத்த நாளாக அமைந்துவிட்டது.

கர்ப்பம் என்று உறுதியானவற்றில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துபோகின்றன. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள்தான். அப்படிக் கலைபவற்றில் பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம் எண்ணிக்கையில் ஏற்படும் பிழை. தாய் சாப்பிட்டது, தூக்கிய குடம், ஏறிய வண்டி எதற்கும் அதில் பங்கில்லை. இத்தனை பெண்களுக்கு நடந்தும் இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அதனால் ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் நடந்தது என்று நினைத்துக்கொள்கிறாள். என்னிடம் வருபவர்களில் பப்பாளியைக் குற்றம் சொன்னவர்கள் உண்டு, அன்னாசியை, ஷேர் ஆட்டோவை, அண்டை வீட்டுக் கண்ணேறைக் குற்றம் சொன்னவர்கள் உண்டு. பறிகொடுத்த மனது காரணம் தேடும்போது, கடைசியாக நடந்த விஷயத்தின் மேல் போய் நின்றுவிடுகிறது.

அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். காணவில்லை என்றால் எடுத்த இடத்தில் நகல் கேளுங்கள். உங்கள் மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எள் சூடு என்பது எங்கிருந்து வந்தது

அத்தை சொல்வதை முழு மூடநம்பிக்கை என்று நான் தள்ளமாட்டேன். நம் வைத்திய மரபில் எள் உணவு மட்டுமல்ல, மருந்தும்கூட. மாதவிலக்கு தள்ளிப்போகும் பெண்களுக்கு எள்ளும் கருப்பட்டியும் இடித்துக் கொடுப்பது தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. உதிரத்தை இறக்கும் பொருள் என்றால் கருவையும் இறக்கிவிடும் என்று பெரியவர்கள் முடிவுகட்டியதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அதோடு எள்ளும் தண்ணீரும் இறைப்பது இறந்தவர்களுக்குச் செய்கிற சடங்கு. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் எள்ளைக் கண்டால் மனது துணுக்குறுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதே எள்ளிலிருந்து ஆட்டிய நல்லெண்ணெயைக் குளிர்ச்சி என்று சொல்லித்தான் தலைக்குத் தேய்த்துக் குளிக்கிறோம். உங்கள் அத்தையும் தோசைக்கு நல்லெண்ணெய்தான் ஊற்றியிருப்பார். கர்ப்பமான நீங்கள் சாப்பிட்டபோது அது தப்பாகத் தோன்றியிருக்காது. விதை சூடு, எண்ணெய் குளிர்ச்சி என்பது மரபின் கணக்கு. நவீன மருத்துவத்தில் அந்தக் கணக்கைச் சோதிக்கும் பரிசோதனை எதுவும் கிடையாது. நான் சொல்லக்கூடியது இதுதான்: சமையலில் சேரும் அளவில், பலகாரமாகத் தின்னும் அளவில் எள் சாப்பிட்டதால் கரு கலைகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை.

உங்கள் மாவட்டத்தைத் தாண்டி ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். கன்னடம் பேசும் குடும்பங்களில் சங்கராந்தி அன்று எள்ளும் வெல்லமும் கொப்பரைத் துண்டும் கலந்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். உங்கள் கணவர் வேலை செய்யும் ஊரில் அவரே வாங்கித் தின்றிருப்பார். அந்த வீடுகளில் கர்ப்பிணிகளும் சாப்பிடுகிறார்கள். அரபு நாடுகளில் எள்ளை அரைத்த விழுதுதான் அன்றாடத் தொடுகறி.

ஆனால் ஒரு எல்லைக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். மருந்து அளவு வேறு, உணவு அளவு வேறு. 'மாதவிலக்கை வரவைக்க' என்று கைப்பிடி கைப்பிடியாக எள்ளைத் தின்பது, கஷாயம் வைத்துக் குடிப்பது, சூரணம் வாங்கிச் சாப்பிடுவது ஆகியவை கர்ப்பமாக இருக்கும்போதும் வேண்டாம், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருக்கும்போதும் வேண்டாம். அது பாதுகாப்பானது என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. நாள் தள்ளிப்போனால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, பிறகுதான் மற்றதெல்லாம். சித்த மருந்து எடுக்க விரும்பினால் அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. படித்த மருத்துவரைப் பாருங்கள். அவர் கொடுப்பதை எங்களிடமும், நாங்கள் கொடுப்பதை அவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த கர்ப்பத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஓர் உருண்டை, இட்லிப்பொடியில் எள், புரட்டாசியில் எள்ளுச்சாதம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். எள் சாப்பிட்டதும் வாய் அரிப்பு, உடம்பில் தடிப்பு, மூச்சுத்திணறல் வருகிறவர்கள் மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். எள் ஒவ்வாமை உயிருக்கு ஆபத்தாகக்கூடியது. அமெரிக்காவில் 2023 முதல் உணவுப் பொட்டலங்களில் எள் இருக்கிறதா என்று அச்சிடுவதைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது.

உங்களுக்கு எள் சாப்பிடவே பயமாக இருந்தால் அந்தப் பத்து மாதமும் சாப்பிடாமலே இருங்கள். அதனால் குழந்தைக்கு எந்தக் குறையும் வராது. எள்ளில் இருக்கும் சத்து எல்லாமே வேறு உணவிலும் கிடைக்கும்.

இரத்தம் ஊற எள் போதுமா?

போதாது. கடிதத்தில் என்னை உண்மையாகவே கவலைப்பட வைத்தது இதுதான். எள்ளைப் பற்றிய பயத்தைவிட எள்ளின் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை இப்போது உங்களுக்கு ஆபத்து.

எள் சத்தான தானியம் என்பதில் சந்தேகமே இல்லை. பாதிக்குப் பாதி எண்ணெய், ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் புரதம். அந்த எண்ணெயிலும் நிறைவுறாத கொழுப்புதான் பெரும்பகுதி. செசமின், செசமோலின் போன்ற பொருட்கள் இருப்பதால்தான் நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிப்பதில்லை. தோல் நீக்காத எள் 100 கிராமில் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி தோலில், ஆக்சலேட் என்ற பொருளோடு பிணைந்திருப்பதால் உடலில் சேர்வது குறைவு. கடையில் விற்கும் தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நல்லெண்ணெயில் கால்சியமும் கிடையாது, இரும்பும் கிடையாது. அவை இரண்டும் புண்ணாக்கோடு போய்விடும். எலும்புக்கு என்று நினைத்து நல்லெண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கலோரிதான் ஏறும்.

இனி இரும்புக்கு வருவோம். 100 கிராம் எள்ளில் 9 முதல் 15 மில்லிகிராம் இரும்பு என்று உணவு அட்டவணைகள் சொல்கின்றன. ஓர் உருண்டையில் 10 கிராம் எள் என்று வையுங்கள். ஒன்று, ஒன்றரை மில்லிகிராம் வரும். எள்ளில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் அதிலும் பத்தில் ஒரு பங்கு இரத்தத்தில் சேர்ந்தாலே பெரிது. நீங்கள் நிறுத்திவிட்ட அரசு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதற்கு ஈடாக எள் தின்ன வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு அரைக் கிலோவாவது ஆகும். அது இரண்டாயிரத்து ஐநூறு கலோரிக்கு மேல். அந்த வீடியோ போட்டவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே இல்லை.

கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 8 முதல் 10.9 வரை நடுத்தர இரத்தசோகை. நீங்கள் அதில் இருக்கிறீர்கள். தனியாகவும் இல்லை; 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை. இதே நிலையில் கர்ப்பமானால், கர்ப்ப காலத்தில் இரத்தம் நீர்த்துப்போய் அளவு இன்னும் இறங்கும். குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, எல்லாவற்றையும்விடப் பிரசவத்தில் சற்று அதிகமாக உதிரம் போனாலும் உங்கள் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மாத்திரையை மறுபடி ஆரம்பியுங்கள். மலம் கறுப்பாகப் போவது, சேராத இரும்பு வெளியேறுவதால்தான், பயப்பட ஒன்றுமில்லை. வயிற்று எரிச்சலுக்கு வழி இருக்கிறது. முதல் வாரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை மட்டும் போடுங்கள். பழகியதும் மருத்துவர் சொல்கிற அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் அளவுக்கு வழக்கமாக நாளொன்றுக்கு இரண்டு, குறைந்தது மூன்று மாதம். அப்படியும் தாங்கவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள். வேறு வகை இரும்பு உப்பில் செய்த மாத்திரை, சிரப், ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் முறை என்று மாற்றுகள் உண்டு. எதுவுமே ஒத்துவராதவர்களுக்கு இரும்புச் சத்தை ஊசி வழியாக டிரிப்ஸில் ஏற்றும் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் வேண்டாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் நல்லது.

எள்ளை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்குரிய இடத்தில் வையுங்கள். முருங்கைக்கீரையில் வறுத்துப் பொடித்த எள்ளைத் தூவிப் பொரியல் செய்து, மேலே எலுமிச்சை பிழிந்து களியோடு சாப்பிடுங்கள். நம் ஊர்க் கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதைத் தினமும் தின்னும் உங்களுக்குக் கால்சியத்துக்காக எள்ளைத் தேடிப்போக வேண்டியதில்லை. அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் ஆட்டுச் சுவரொட்டியும் (மண்ணீரல்) ஈரலும் எள்ளைவிடப் பல மடங்கு நன்றாகச் சேரும் இரும்பு. ஈரலை மட்டும் கர்ப்பமான பிறகு தவிர்த்துவிடுங்கள். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

இரத்தம் எங்கே போகிறது?

ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல் ஆகிவிடக் கூடாது. ஏழு நாள் போக்கு, கட்டி படுதல் என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, என் பார்வையில் உங்கள் இரத்தசோகைக்கு அதுதான் முதல் சந்தேகக் காரணம். தைராய்டு பரிசோதனையும் கர்ப்பப்பை ஸ்கேனும் எடுத்துப் பாருங்கள். எள் சாப்பிடும் மாதங்களில் போக்கு கூடுவதாக உங்களுக்குத் தோன்றினால் அந்த நாட்களில் மட்டும் நிறுத்திப் பாருங்கள். அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

கொல்லை வேலைக்குச் செருப்பில்லாமல் போவீர்களா? ஈர மண்ணிலிருந்து பாதம் வழியாகக் கொக்கிப்புழு ஏறி, குடலில் இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பூச்சி மாத்திரையை, கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு இப்போதே போட்டுவிடலாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அதைத் தர மாட்டோம்.

மூன்றாவது, சொந்தத்தில் திருமணம். உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் தாத்தா பாட்டி ஒன்று. தாலசீமியா போன்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு அந்தத் தலைமுறையிலிருந்து இறங்கியிருந்தால் உங்கள் இருவரிடமும் இருக்க வாய்ப்புண்டு. ஒருவரிடம் மட்டும் இருந்தால் லேசான இரத்தசோகையோடு போய்விடும். இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு, கடும் நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு. போன கர்ப்பம் இதனால் கலைந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறவில்லை என்றால், இந்தக் கூறு இருக்கிறதா என்று காட்டும் 'ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரசிஸ்' இரத்தப் பரிசோதனை கேளுங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

இங்கே இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. குழாயில் வரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் களி கிண்டவும் பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் துணி துவைக்கவும் மாட்டுக்கும் இருக்கட்டும். மூட்டு வலிக்கு எள் சாப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே போர் தண்ணீர் குடிக்கும் வயதானவர்கள் நம் ஊரில் ஏராளம். உங்கள் அத்தைக்குப் பல்லில் பழுப்புக் கறையும் முழங்கால் பிடிப்பும் இருந்தால் அவரையும் காட்டுங்கள்.

எப்போது தயாராகலாம்

ஒருமுறை கலைந்தால் பெரிய பரிசோதனைகள் வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அடுத்த கர்ப்பம் நல்லபடியாகவே முடிகிறது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று எல்லோருக்கும் ஒரே காலக்கெடுவும் கிடையாது. ஆனால் நீங்கள் ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டும்வரை, முடிந்தால் 12 வரும்வரை, கணவரிடம் பேசித் தள்ளிப்போடுங்கள். கர்ப்பத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே ஃபோலிக் அமிலம் ஆரம்பிக்க வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் வேலை, நாள் தள்ளியது உங்களுக்குத் தெரியவரும் நேரத்திலேயே நடந்துகொண்டிருக்கும்.

நாள் தள்ளியதும் கிராம சுகாதார செவிலியரிடம் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி உண்டு. அதில் வரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச் சத்து சிரப்பும் பேரீச்சையும் இருக்கும். அதை உறவுக்காரர்களுக்குப் பங்குவைத்துவிடாமல் நீங்கள் சாப்பிடுங்கள். உதிரம் பட்டால், அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி வந்தால், மயக்கம் வந்தால் யாரையும் கேட்டுக்கொண்டு காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது

நீங்கள் ஒளித்து ஒளித்துச் சாப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. எள்ளுக்காகச் சொல்லவில்லை. நாளைக்கு நீங்கள் கர்ப்பமாகி, என்றாவது ஒரு சொட்டு உதிரம் பட்டு, டப்பாவில் எள் இருப்பதை அவர் பார்த்துவிட்டால் பழி மறுபடி உங்கள் மேல்தான் விழும். உண்மையை இப்போதே வெளியே வைத்துவிடுவது நல்லது.

அத்தையோடு தனியாக வாதாட வேண்டாம். கணவர் ஒரு சனிக்கிழமை விடுப்பு எடுத்து வரட்டும். மூவருமாக ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ மகப்பேறு மருத்துவரிடமோ போங்கள். "இந்தத் தேதிக்கு எத்தனை வாரம் இருந்திருக்க வேண்டும், எத்தனை வாரம் இருந்தது, எப்போது நின்றது" என்று கணவரே கேட்கட்டும். மருத்துவர் வாயால் தேதியோடு கேட்கும்போது அத்தைக்கு அது வேறு மாதிரி இறங்கும். அவரும் பேரக்குழந்தையை எதிர்பார்த்து இழந்தவர்தான். உங்கள் அப்பாவின் கூடப்பிறந்தவர். அவருடைய கோபத்துக்கு அடியில் துக்கம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் அதற்காக நீங்கள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. விளக்கிச் சொன்ன பிறகும் குழந்தையைக் கொன்றவள் என்று பேசுவது, அம்மா வீட்டோடு பேசவிடாமல் தடுப்பது, மகனுக்கு வேறு பெண் பார்ப்பேன் என்று மிரட்டுவது என்று போனால் அது குடும்பச் சண்டை என்ற அளவைத் தாண்டிவிடுகிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடி உதையை மட்டும் சொல்லவில்லை. சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமையையும் சேர்த்தே சொல்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பெயர் சொல்லாமலும் பேசலாம். தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், செத்துவிடலாமா என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே 104-ஐ அழைத்து மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். குழந்தையை இழந்து ஐந்து மாதம் ஆகியும் உங்களை அழவிடாமல் குற்றவாளிக் கூண்டில் நிற்க வைத்திருக்கிறார்கள். மனது சோர்ந்துபோனால் அதில் ஆச்சரியம் இல்லை.

அப்புறம், அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். நான் எழுதியதில் ஸ்கேன் பற்றிய பகுதியை அப்படியே படித்துக் காட்டுங்கள். அவரும் இந்த ஐந்து மாதமும் தன் மகளின் குழந்தையைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். இரத்தப் பரிசோதனையை ஒரு மாதம் கழித்துத் திரும்ப எடுத்து, அந்த அளவையும் தைராய்டு முடிவையும் எனக்கு எழுதுங்கள்.